பிலடெல்பியாவில் அப்பாவோடு ஒரே நாள்: லிபர்ட்டி பெல் மட்டும் போதுமா, மியூசியத்துக்கும் போகலாமா?

சிறுமலைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், இன்னும் ஐந்து வாரம் இருப்பார்கள். அப்பா திண்டுக்கல்லில் 32 வருடம் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து இறங்கிய முதல் வாரமே "சுதந்திரப் பிரகடனம் போட்ட ஊர் இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டார். நயாகரா, நியூயார்க் எல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

ஒரே ஒரு சனிக்கிழமைதான் கிடைக்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி, அரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. பத்து வயது மகளும் வருகிறாள். போன வருடம் மாமனார் மாமியாரை ஒரு சுற்றுலா பஸ்ஸில் அனுப்பினோம், லிபர்ட்டி பெல் என்கிற அந்தப் பழைய மணியைப் பார்க்க 20 நிமிடம் கொடுத்து, பிரகடனத்தை ஏற்ற இண்டிபென்டன்ஸ் ஹாலை ரோட்டிலிருந்தே போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லி, வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அப்பாவுக்கு அப்படி ஆகக்கூடாது.

கேட்க வேண்டியது இரண்டு. அமெரிக்கப் புரட்சி மியூசியம் என்று ஒன்று இருக்கிறதே, ஐந்து பேருக்கு டிக்கெட் போட்டு உள்ளே போகிற அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறதா? ஹாலும் மணியும் மட்டும் போதுமா? அப்புறம், மகள் பள்ளிக்கூடத்தில் "எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்ற வரியை மனப்பாடம் செய்துவிட்டு வந்து, "அப்படியென்றால் வாஷிங்டன் வீட்டில் ஏன் அடிமைகள் இருந்தார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கும் அங்கே ஏதாவது வழி கிடைக்குமா?

வழிப்போக்கன்:

கட்டாயம் போங்கள். நான் அந்த ஊர்ப் பக்கம் 11 வருடமாக இருக்கிறேன், யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். 2017 ஏப்ரல் 19-ல் திறந்தார்கள், 1775-ல் அதே தேதியில்தான் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் சுதந்திரப் போரின் முதல் துப்பாக்கிச் சண்டை நடந்தது, தேதியைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

மற்றதையெல்லாம் விடுங்கள், அங்கே ஒரு கூடாரம் இருக்கிறது. போர்க்காலத்தில் வாஷிங்டன் படுத்து எழுந்து கடிதம் எழுதி முடிவெடுத்த கூடாரம், அசல் துணி, லினன். அதற்கென்றே ஒரு சின்னத் திரையரங்கு கட்டியிருக்கிறார்கள். உட்கார்ந்து பார்க்கலாம், அப்பாவின் முழங்காலுக்கும் நல்லது. கொஞ்ச நேரம் படம் ஓடும், பிறகு திரை மேலே போகும், கண்ணாடிக்குப் பின்னால் மங்கிய வெளிச்சத்தில் அது நிற்கும். போட்டோ எடுக்க விடமாட்டார்கள். துணி பழசு, கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் தாங்காது என்று உள்ளே குடை மாதிரி ஒரு சட்டம் வைத்து அதன் மேல் படர விட்டிருக்கிறார்கள்.

அந்தத் துணி பிழைத்து வந்த கதையை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாஷிங்டன் மனைவி மார்த்தாவின் பேரன் வழியாக அது ஒரு பெண்ணிடம் வருகிறது, அந்தப் பெண்ணைக் கட்டியவர் ராபர்ட் ஈ. லீ. ஆமாம், உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கத்துப் படையை நடத்திய அதே லீதான். 1861-ல் ஆர்லிங்டன் வீட்டை விட்டு ஓடும்போது லீயின் மனைவி சாவிக் கொத்தை செலினா கிரே என்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். செலினா அந்த வீட்டில் அடிமையாக இருந்தவர். வடக்குப் படை வந்து வீட்டில் தங்கியபோது சிப்பாய்கள் வாஷிங்டனின் பொருள்களைச் சுருட்டுவதைப் பார்த்து, தளபதியிடமே போய்ச் சொல்லி மிச்சத்தைக் காப்பாற்றியவர் அவர். பிறகு அரசாங்கம் எடுத்து வைத்திருந்து 1901-ல் லீ குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்தது. 1909-ல் பர்க் என்ற பாதிரியார் லீயின் மகளிடமிருந்து 5,000 டாலருக்கு வாங்கினார். நாட்டை உண்டாக்கியவர் படுத்த கூடாரம், நாட்டை உடைக்கப் போனவர் வீட்டில் கிடந்து, அந்த வீட்டு அடிமைப் பெண்ணால் மிஞ்சியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்தால் திரை தூக்கும்போது தொண்டை அடைக்கும், எனக்கு ஒவ்வொரு முறையும் அடைக்கிறது.

முக்கியக் காட்சிக்கூடம் இரண்டாம் தளத்தில், லிஃப்ட் இருக்கிறது. சக்கர நாற்காலி கேட்டால் கொடுப்பார்கள், அப்பா வேண்டாம் என்றாலும் ஒன்றை வாங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். மகளுக்கு ஏறி விளையாட ஒரு கப்பல் மாதிரி கட்டியிருக்கிறார்கள். டிக்கெட் அடுத்தடுத்த இரண்டு நாளுக்குச் செல்லும், உங்களுக்கு ஒரே நாள்தான் என்பதால் அது பயன்படாது.

காவிரிக்கரை:

வழிப்போக்கன் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் வரிசையை மாற்றுங்கள். ஒரு சரித்திர வாத்தியார் முதலில் நிற்க வேண்டிய இடம் அந்த அறைதான், இண்டிபென்டன்ஸ் ஹாலின் அசெம்ப்ளி ரூம். 1776 ஜூலை 4-ல் பிரகடனத்தை ஏற்றது அங்கே, 1787 செப்டம்பர் 17-ல் அரசியல் சாசனத்தில் கையெழுத்துப் போட்டதும் அங்கே. மியூசியத்தை எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், இந்த அறை ஒன்றுதான் உண்டு.

உள்ளே மேசை நாற்காலி பெரும்பாலும் அந்தக் காலத்தவை, ஆனால் அன்று அங்கே இருந்தவையே அல்ல. ஒரே ஒரு நாற்காலி மட்டும் அசல். 1787-ல் வாஷிங்டன் தலைமை தாங்கி உட்கார்ந்தது. அதன் முதுகுப்பலகை உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். கூட்டம் நடந்த நான்கு மாதமும் அது உதிக்கிற சூரியனா மறைகிற சூரியனா என்று யோசித்துக்கொண்டே இருந்ததாகவும், கையெழுத்தான நாளில் உதிக்கிறதுதான் என்று தெரிந்துவிட்டதாகவும் அந்தக் கூட்டத்தில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்னார். அப்பாவை முன்வரிசையில் கம்பி ஓரமாக நிற்க வையுங்கள், அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

இப்போது வேலை விஷயம். ஹாலுக்குள் போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். டிக்கெட் இலவசம், முன்பதிவுக்கு ஆளுக்கு 1 டாலர். சனிக்கிழமை டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இதைப் படித்து முடித்ததும் போய்ப் போடுங்கள். காலை முதல் நேரத்தை எடுங்கள், பாதுகாப்புச் சோதனை வரிசை இருக்கும், அரை மணி முன்னாலேயே போய்விட வேண்டும். மணிக்கு டிக்கெட் எதுவும் வேண்டாம். கார் என்றால் விசிட்டர் சென்டருக்கு அடியிலேயே பார்க்கிங் இருக்கிறது. ரயில் என்றால் டிரென்டனில் மாற வேண்டும், முழங்கால் வலியோடு அந்தப் படிகள் வேண்டாம்.

இன்னொன்று, அப்பா ஏமாந்துவிடக்கூடாது என்று சொல்கிறேன். 56 பேர் கையெழுத்துப் போட்ட அந்தத் தோல் பிரதி பிலடெல்பியாவில் இல்லை, வாஷிங்டன் டி.சி.யில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஹாலின் மேற்குப் பக்கக் கட்டடத்தில் அந்தக் காலத்தில் அச்சடித்த பிரதிகளும், கையெழுத்துக்குத் தொட்டுக்கொண்டதாகச் சொல்லப்படும் வெள்ளி மைக்கூடும் இருக்கின்றன. கையெழுத்தும் ஜூலை 4-ல் போடவில்லை, பெரும்பாலோர் போட்டது ஆகஸ்ட் 2-ல். வாத்தியாருக்கு இது தெரிந்திருக்கும், இருந்தாலும்.

கதைசொல்லும் அம்மா:

உங்கள் மகள் கேட்டதைத்தான் என் மகனும் கேட்டான், அவனுக்கு அப்போது ஒன்பது வயது. நானும் முழித்தேன். அங்கே போனபிறகுதான் எனக்கே பதில் சொல்ல வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மணி இருக்கிற கட்டடத்துக்குள் நுழைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, ஆறாவது தெருவும் மார்க்கெட் தெருவும் சேருகிற மூலையில், கூரையில்லாத செங்கல் சுவர்கள் மட்டும் இருக்கும். நிறையப் பேர் அது என்னவென்றே பார்க்காமல் போய்விடுகிறார்கள். பிலடெல்பியா தலைநகராக இருந்த பத்து வருடத்தில் வாஷிங்டன் குடியிருந்த வீடு அது. அவர் அங்கே வைத்திருந்த அடிமைகள் ஒன்பது பேரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லின் முன்னால் குழந்தையை நிறுத்தி ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

அதில் ஓனி ஜட்ஜ் என்ற பெயர் வரும். மார்த்தா வாஷிங்டனுக்குத் தலைவாரி, உடை எடுத்துக் கொடுக்கிற பெண், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதுதான். பென்சில்வேனியாவில் 1780-லேயே ஒரு சட்டம் இருந்தது, வெளியூரிலிருந்து கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து அங்கே இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம். வாஷிங்டன் என்ன செய்தார் தெரியுமா, ஆறு மாதம் ஆவதற்குள் அவர்களை மாநில எல்லை தாண்டி அனுப்பிவிட்டுத் திரும்பக் கூட்டிவருவார். 1796 மே மாதம், வீட்டில் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது ஓனி கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். கப்பலேறி நியூ ஹாம்ஷயர் சேர்ந்தார். ஆள் விட்டுத் தேடியும் அவர் திரும்பவில்லை. 1848-ல் சாகும்வரை சட்டப்படி அவர் தப்பியோடிய அடிமைதான்.

என் மகனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: அந்த வரியை எழுதியவர்கள் தங்கள் வீட்டுக்குள் அதை நடத்திக் காட்டவில்லை, அது அவர்கள் செய்த தப்பு, அவர்களில் பலருக்கு அது தெரிந்தும் இருந்தது. ஆனால் வரியை எழுதி வெளியே விட்டுவிட்டார்கள், ஓனி மாதிரி ஆட்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அவங்க அம்மாவைத் திரும்பப் பார்த்தாங்களா?" என்று கேட்டான். நல்ல கேள்வி கேட்கிற குழந்தைகளுக்கு நாம் அரைகுறைப் பதில் சொல்லக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் மணி. அதிலும் இதே கதைதான். 1751-ல் லண்டனுக்கு ஆர்டர் கொடுத்து வரவழைத்து, வந்ததும் அடித்துப் பார்த்தபோதே கீறல் விட்டு, உள்ளூரில் இரண்டு பேர் உருக்கி மறுபடி வார்த்த மணி. "லிபர்ட்டி பெல்" என்ற பெயரே 1830-களில் அடிமை ஒழிப்புக்காரர்கள் வைத்ததுதான், அதற்கு முன் அது வெறும் சட்டசபை மணி. கிட்டே போய்ப் பாருங்கள், நாம் பிளவு என்று நினைக்கிற அகலமான கோடு உண்மையில் பழுது பார்த்த இடம், விளிம்புகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க வேண்டுமென்றே ராவி அகலமாக்கியது. அதன் மேல் முனையிலிருந்து முடி மாதிரி மெல்லிசாக ஒன்று மேலே ஓடும். மணியின் குரலை அடைத்தது அந்த மெல்லிசுக் கீறல்தான். மகளிடம் அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள் நியூஜெர்சிப் பெண் என்பதால் இன்னொன்று. நியூஜெர்சியின் 1776 சாசனத்தில் ஓட்டுரிமைக்குச் சொத்துதான் தகுதி, ஆண் என்று எழுதவில்லை. அதனால் சொத்துள்ள பெண்களும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் அங்கே ஓட்டுப் போட்டார்கள். 1807-ல் பிடுங்கிவிட்டார்கள். இதுபற்றி அந்த மியூசியம் 2020-ல் தனிக் கண்காட்சியே வைத்தது.

ஏட்டுச்சுவடி:

திண்டுக்கல் சரித்திர வாத்தியார் என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். அவருக்கு இந்த ஊரில் சொந்த வேலை இருக்கிறது!

1781 அக்டோபர் 19-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் தோற்றுச் சரணடைந்தவர் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ். அவமானம் தாங்காமல் உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளைக் கொடுக்கத் தனக்குக் கீழே இருந்தவரை அனுப்பிவிட்டார். அதோடு அவர் கதை முடிந்தது என்றுதான் அமெரிக்கப் பாடப்புத்தகம் சொல்லும். நம் பக்கத்தில் அங்கேதான் தொடங்குகிறது. ஐந்தே வருடத்தில், 1786-ல், அவர் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரல். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை மண்டியிட வைத்து, இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கிக்கொண்டு, பாதி ராஜ்யத்தை எழுதி வாங்கினார். அந்த உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனவற்றில் சேலம், பாராமகால், திண்டுக்கல் எல்லாம் அடக்கம். இங்கே விட்டதை அங்கே பிடித்தார், பிடிபட்டது உங்கள் ஊர்.

அதற்கு முன்பே ஒரு முடிச்சு உண்டு. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படையை நொறுக்கினார்கள். அமெரிக்கர்களுக்கும் ஹைதருக்கும் எதிரி ஒருவன், துணைக்கு பிரெஞ்சுக்காரன், கடல் மட்டும்தான் வேறு. 1782-ல் பிலடெல்பியா வணிகர்கள் தங்கள் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக ஒரு கப்பலுக்கு பீரங்கி பூட்டி இறக்கினார்கள். அந்தக் கப்பலின் பெயர் "ஹைதர் அலி"! அதே வருடம் ஏப்ரல் 8-ல் டெலாவேர் விரிகுடாவில், தன்னைவிடப் பெரிய பீரங்கிகள் வைத்திருந்த "ஜெனரல் மங்க்" என்ற பிரிட்டிஷ் கப்பலை அது பிடித்துவிட்டது. கேப்டன் ஜோஷுவா பார்னிக்கு வயது 22. ஹைதர் அப்போது உயிரோடுதான் இருந்தார், அந்த டிசம்பரில்தான் இறந்தார். மியூசியத்தில் உங்கள் மகள் ஏறப்போகும் கப்பலும் அந்தப் போரில் தனியார் கப்பல்கள் எப்படி இருந்தன என்று காட்டத்தான், அவள் ஏறும்போது தாத்தாவை இந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

சிறுமலைக்காரன்:

அத்தனை பேருக்கும் நன்றி, நேற்றே டிக்கெட் போட்டுவிட்டேன், ஹால் காலை முதல் நேரம். ஹைதர் அலி கப்பலைப் பற்றி அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அங்கே போய்ச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன். ஒரு சின்ன சந்தேகம், மணியிலிருந்து மியூசியம் நடக்கிற தூரமா?

வழிப்போக்கன்:

மூன்று பிளாக்தான், செஸ்ட்நட் தெருவிலேயே நேராக மூன்றாவது தெரு வரைக்கும். நமக்குப் பத்து நிமிடம், அப்பாவுக்கு இருபது என்று வையுங்கள். வழியில் உட்காரப் பெஞ்சுகள் உண்டு. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மியூசியத்துக்குள் போங்கள், ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், அதனால் ஒன்றரைக்கு மேல் தாமதிக்காதீர்கள். நேராகக் கூடாரத்துக்குப் போய்விடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சிறுமலைக்காரன்:

போய்விட்டு வந்தோம். சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது, அதனால் எழுதுகிறேன்.

அந்த அறையில் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரேஞ்சர் பேசியதில் பாதிதான் புரிந்தது என்று பிறகு சொன்னார், ஆனால் நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாதிச் சூரியனுக்குக் கண்ணும் மூக்கும் வைச்சிருக்கான் பாரு" என்று மகளிடம் காட்டினார். எனக்கு அது அதுவரை தெரியவே இல்லை. 32 வருடம் கரும்பலகையில் எழுதிய தேதி நடந்த அறை என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

ஒன்பது பெயரையும் மகள் படித்தாள். ஓனி கதையை அவள் அம்மா சொன்னாள், நான் பக்கத்தில் நின்றேன். மகள் கேட்ட அடுத்த கேள்வி: "அவங்க ஓடின கதவு எந்தப் பக்கம் இருந்துச்சு?" கொஞ்ச நேரம் அந்தச் சுவர்களையே சுற்றிச் சுற்றி வந்தாள். மணியில் மெல்லிசுக் கீறலை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

கூடாரத்தில் நான் எதிர்பார்த்தது அப்பாவை. ஆனால் அழுதது என் அம்மா. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, காரிலேயே செலினா கிரே கதையைத் தமிழில் சொல்லி வைத்திருந்தேன். திரை மேலே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாவிக் கொத்து வாங்கினாளே அந்தப் பொண்ணு, அவ காப்பாத்தினது இதுதானா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கு போட்டு எல்லோரும் எழுந்த பிறகும் அம்மா இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

மியூசியத்தில் அப்பா எல்லாப் பலகையையும் படித்தார், சக்கர நாற்காலியில் வர ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். நியூயார்க்கில் ஜார்ஜ் மன்னர் சிலையைக் கயிறு கட்டி இழுக்கிற காட்சியை உருவங்களாக வைத்திருக்கிறார்கள், அங்கே ரொம்ப நேரம் நின்றார். பிரகடனத்தை வாசித்துக் காட்டிய அன்று மாலையே கீழே தள்ளி, அந்த ஈயத்தை உருக்கி 42,088 குண்டு வார்த்தார்கள் என்று நான் சொன்னதும், எண்ணி வைத்தவன் நல்ல கணக்குப்பிள்ளை என்றார். ஒனைடா என்கிற பூர்வகுடி மக்கள் புரட்சிக்காரர்கள் பக்கம் சேர்ந்து, அதனால் ஆறு தேசக் கூட்டமைப்பே உடைந்ததைச் சொல்லும் பகுதியும் அவருக்குப் பிடித்திருந்தது. எங்களுக்கு இதை யாரும் பாடத்தில் வைக்கவில்லையே என்றார்.

கப்பலில் மகள் ஏறியதும் ஹைதர் அலி விஷயத்தைச் சொன்னேன். அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எந்த வருஷம்? எந்த மாசம்?" என்று கேட்டு, 1782 ஏப்ரல் என்றதும் விரல் விட்டு எண்ணி, "அப்போ ஹைதர் ஆற்காட்டுப் பக்கம் சண்டையில இருந்த நேரம்" என்றார். அன்று இரவு வீட்டில் மகளின் நோட்டில் ஒரு படம் வரைந்திருக்கிறார்: இந்தப் பக்கம் பிலடெல்பியா, யார்க்டவுன், அந்தப் பக்கம் பொள்ளிலூர், ஸ்ரீரங்கப்பட்டணம், திண்டுக்கல். நடுவில் கடலில் ஒரு கப்பல். காரன்வாலிஸ் போன வழியைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்.

ஏட்டுச்சுவடி, ஒரு கேள்வி. காரன்வாலிஸுக்குச் சென்னையில் சிலை இருப்பதாக அப்பா சொல்கிறார். டிசம்பரில் ஊருக்கு வரும்போது அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள்.

ஏட்டுச்சுவடி:

இருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்குள், வெள்ளைப் பளிங்கு. பீடத்தைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், திப்புவின் பிள்ளைகள் இரண்டு பேரையும் பிணையாக ஒப்படைக்கிற காட்சியைச் செதுக்கியிருப்பார்கள். கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அன்றைக்குப் போய்விடாதீர்கள்.